வாய்ஸ்மெயிலும் கான்ஃபரன்ஸ் பதிவும்: எந்த ஃபார்மட்டில் வைப்பது?

கேள்வி: 13 ஜூன் 2025, காலை 10.20

வெண்ணாற்றுக் கடைமடைப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஒரு சின்ன சர்வரில் ஆஸ்டரிஸ்க் என்கிற தொலைபேசி மென்பொருள் ஓடுகிறது, நாலு லைன். "வாய்க்கால்ல தண்ணி வரலை", "மதகு ஷட்டர் சிக்கிக்கிச்சு" என்று ஆட்கள் வாய்ஸ்மெயில் விட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து பேர் சேர்ந்து கான்ஃபரன்ஸ், ஒன்றரை மணி நேரம். இப்போது 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. நேற்று மேட்டூர் திறந்தாச்சு, இனிமேல்தான் போன் அதிகம் வரும். சர்வர் போட்டுக் கொடுத்தவர், "எல்லாத்தையும் ஜி.729-ங்கிற சுருக்க முறைக்கு மாத்திட்டு பழசை அழிச்சிடுங்க, பதினாறில் ஒரு பங்குதான் வரும்" என்கிறார். செய்யலாமா அண்ணே?

13 ஜூன், இரவு 9.40

அழிக்க வேண்டாம் தம்பி. எந்த ஃபார்மட் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். ஆஸ்டரிஸ்க் சாதாரணமாக எழுதுகிற, சுருக்காத வேவ் ஃபைலில் நொடிக்கு 8000 மாதிரி (ஒலியை ஒரு தடவை அளந்த அளவு ஒரு மாதிரி), ஒரு மாதிரிக்கு 16 பிட். நொடிக்கு 16,000 பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. தொலைபேசி லைனில் வருகிற ஜி.711 அதில் பாதி, மாதிரிக்கு 8 பிட், மணிக்கு 28.8 எம்பி. பழைய செல்போன் சுருக்க முறையான ஜிஎஸ்எம் ஆறு எம்பிக்குக் கொஞ்சம் கீழே. ஜி.729 நொடிக்கு 8 கிலோபிட், மணிக்கு 3.6 எம்பி. 57.6-க்கும் 3.6-க்கும் பதினாறு மடங்கு.

ஆனால் உங்கள் டிஸ்க் நிரம்பினதற்கு அது காரணமாக இருக்க முடியாது. ஞாயிறு ஒன்றரை மணி நேரம், வருஷத்துக்கு 52 ஞாயிறு, மொத்தம் 78 மணி நேரம். வேவ் ஆகவே வைத்தாலும் நாலரை ஜிபி. வாய்ஸ்மெயில் அதையும்விடக் குறைவாகத்தான் இருக்கும். வேவ் ஃபைலால் 500 ஜிபி நிரம்ப வேண்டுமென்றால் ஒரு லைன் ஒரு வருஷம் முழுக்க, ராத்திரி பகல் நிற்காமல் பதிவாகிக்கொண்டே இருக்க வேண்டும். 365 நாள், 24 மணி, 57.6 எம்பி: பெருக்கிப் பாருங்கள், 504 ஜிபி வரும்.

ஆக உடைப்பு வேறெங்கோ இருக்கிறது. நாளைக்கு இதைப் பாருங்கள். வாய்ஸ்மெயில் அமைப்பு ஃபைலில் ஃபார்மட் என்று ஒரு வரி இருக்கும். அதில் மூன்று பெயர் எழுதியிருந்தால் ஒவ்வொரு செய்தியையும் மூன்று ஃபைலாக எழுதும். அப்புறம், வருகிற போகிற எல்லாப் பேச்சையும் பதிவு செய்யச் சொல்லி யாராவது வைத்திருக்கிறார்களா? கான்ஃபரன்ஸ் முடிந்த பிறகும் யாருடைய போனாவது வைக்கப்படாமல், அறை மூடாமல் பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறதா?

14 ஜூன், மதியம்

பார்த்துச் சொன்னதற்கு நன்றி. இரண்டாவதுதான். நாலு லைனிலும் எல்லாப் பேச்சும் பதிவாகிறது. அதுவும் வருகிற குரல் தனி, போகிற குரல் தனி, இரண்டும் கலந்தது தனி என்று மூன்று வேவ். நாலு லைனும் சேர்ந்து நாளைக்குப் பத்து மணி நேரம் பேச்சு என்று வைத்தால் நாளைக்கு 1.7 ஜிபி. பத்து மாதத்தில் 500 ஜிபி போய்விடும்.

கலந்த ஃபைலை எழுதாமல் நிறுத்திவிடுங்கள். தனித்தனியாக இரண்டும் இருந்தால் கலப்பது எப்போது வேண்டுமானாலும் முடியும். கலந்ததைப் பிரிக்க முடியாது.

டிஸ்க்கை இப்போதைக்கு விடுங்கள். வெளியே ஒரு 2 டிபி டிஸ்க் வாங்கி அப்படியே நகல் எடுத்து பீரோவில் வையுங்கள். பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

14 ஜூன், இரவு 11.15

ஜி.729 வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதை எழுத வேண்டும்.

ஜி.711 என்பது 1972-இல் வந்த முறை. அது ஒலி அலையையே அளந்து எழுதுகிறது. அதில் இரண்டு வகை: நம் நாட்டில் ஏ-லா, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படி, உரத்த ஒலிக்கு அகலமான படி வைத்து அளக்கும். அதனால்தான் 8 பிட்டிலேயே 13 பிட் அளவுக்கு இணையாக வருகிறது. அதில் பேச்சு, பறவை, மோட்டார் சத்தம், எது வந்தாலும் எழுதும்.

ஜி.729 அப்படி இல்லை. அது ஒலியை எழுதுவதில்லை. பேசுகிறவரின் தொண்டை எந்த வேகத்தில் அதிர்ந்தது, வாய்க்குள் எந்த இடத்தில் ஒலி வலுத்தது என்று நொடியின் ஒவ்வொரு நூறில் ஒரு பங்குக்கும் 10 பைட்டில் குறித்துக்கொள்கிறது. திரும்பக் கேட்கும்போது அந்தக் குறிப்பை வைத்து ஒரு குரலைப் புதிதாகச் செய்து தருகிறது. ஒரு ஆள், ஒரு தொண்டை என்கிற எண்ணத்தில் செய்யப்பட்டது அது.

இதை நான் காதால் தெரிந்துகொண்டது ஒரு கல்யாண மண்டபத்தில். காத்திருப்பு இசைக்கு நாதஸ்வரம் வேண்டும் என்றார்கள், போட்டுக் கொடுத்தேன். சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருந்தது. வெளியிலிருந்து கூப்பிட்டால் நாதஸ்வரம் தண்ணீருக்குள் வாசிப்பது மாதிரி குழறியது. தவில் சேரும் இடத்தில் இரண்டுமே உடைந்து, நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது. லைன் ஜி.729-இல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சமயத்தில் ஒரு குழலும் ஒரு தோலும் ஒலித்தால் அதை ஒரு மனிதத் தொண்டையாக எப்படிக் குறிப்பது? ஏ-லாவுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

உங்கள் கான்ஃபரன்ஸில் பதினைந்து பேர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசாத ஞாயிறு இருக்கிறதா?

15 ஜூன், காலை 6.30

நேற்று படுத்தும் தூக்கம் வரவில்லை. இதைச் சொல்லாமல் ஃபார்மட் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பாசனக் குழுவுக்கு நான்தான் இதே மாதிரி ஆஸ்டரிஸ்க் பெட்டி வைத்துக் கொடுத்தேன். சின்ன டிஸ்க். வாய்ஸ்மெயிலை ஜிஎஸ்எம்மில் மட்டும் வைத்தேன். இடம் மிச்சம் என்று அப்போது பெருமையாக இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு பெரியவர். வாரத்துக்கு நாலு செய்தியாவது விடுவார். 2018 நவம்பர் 15, சாயங்காலம், அவர் விட்ட செய்தி 14 நொடி. "காத்து கெளம்பிடுச்சு. மோட்டார் கொட்டாய் கதவு சும்மாதான் சாத்திக் கெடக்கு. பக்கத்துல யாராச்சும் இருந்தா ஒரு கயித்தைப் போட்டுக் கட்டுங்கய்யா." அன்று ராத்திரி தாண்டி, 16-ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தது. கரண்ட் போய், டவர் போய், பல நாள் எங்கள் பக்கம் போனே இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னைதான் மொத்தமும் சாய்ந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் காலமானார்.

வீட்டில் அவர் குரல் வேறு எதிலும் இல்லை. பேத்தி வந்து கேட்டாள். நான் அந்த ஜிஎஸ்எம் ஃபைலை எம்பி3 ஆக மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் அதை ஒரு போனில் ஓடவிட்டு இன்னொரு போனில் வாய்ஸ் நோட்டாகப் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓப்பஸ் என்கிற இன்னொரு சுருக்க முறை. ஆக ஏ-லாவாக வந்த குரல், ஜிஎஸ்எம், எம்பி3, காற்று, ஓப்பஸ் என்று நாலு கை மாறியது. அவள் என்னிடம் சொன்னது: "தாத்தா மாதிரி இருக்குண்ணே. தாத்தா இல்லை."

14 நொடி ஏ-லாவாக இருந்திருந்தால் 112 கேபி. நான் வைத்த ஜிஎஸ்எம் 23 கேபி. மிச்சம் பிடித்தது 89 கேபி.

15 ஜூன், இரவு

பலர் கேட்டிருப்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். சுருக்கியதைத் திரும்பச் சுருக்கும்போது ஏன் இவ்வளவு கெடுகிறது?

ஒவ்வொரு கோடெக்கும், அதாவது ஒலியைச் சுருக்கி விரிக்கும் ஒவ்வொரு முறையும், எதை விட்டால் காதுக்குத் தெரியாது என்று தன் வழியில் முடிவு செய்கிறது. முதல் கோடெக் விட்டது போக அதன் கரகரப்பும் ஃபைலில் இருக்கும். இரண்டாவது கோடெக்குக்கு அது கரகரப்பு என்று தெரியாது. அதையும் குரல் என்று நினைத்து, இருக்கிற கொஞ்ச பிட்டை அதற்கும் பங்கு போடும். அப்போது உண்மையான குரலுக்குக் கிடைப்பது குறையும். பெரிய ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் போனது திரும்பாது. ஜிஎஸ்எம்மை வேவ் ஆக்கினால் ஃபைல் பத்து மடங்கு பெருக்கும், குரல் அதேதான்.

16 ஜூன்

ஒரு திருத்தம். ஜிஎஸ்எம் என்று பொத்தாம் பொதுவாக எழுதிவிட்டேன். ஆஸ்டரிஸ்க்கில் அது இரண்டு விதமாக வரும்.

ஜிஎஸ்எம் 20 மில்லி நொடிக்கு 260 பிட் தருகிறது, அதாவது நொடிக்கு 13 கிலோபிட். 260 எட்டால் வகுபடாது. அதனால் சாதாரண ஜிஎஸ்எம் ஃபைலில் நாலு பிட் சேர்த்து 33 பைட்டாக வைப்பார்கள். வேவ்49 என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு 20 மில்லி நொடித் துண்டுகளை ஒட்டி 65 பைட்டில் அடக்கி, வேவ் உறைக்குள் போட்டிருக்கும். வேவ் ஃபைலின் தலைப்பில் ஜிஎஸ்எம்முக்கான எண் 49. பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், வேவ்49 ஃபைலைப் பார்த்தால் வேவ் மாதிரியே இருக்கும். "நம்மிடம் வேவ் இருக்கு, ஒரிஜினல் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு மற்றதை அழித்த அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும். அளவைப் பாருங்கள். ஒரு நிமிடம் 960 கேபி என்றால் அசல் வேவ். நூறு கேபிக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே ஜிஎஸ்எம்.

19 ஜூன், மாலை

எம்பி3 ஆகவே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு.

வைத்துக்கொள்ள எம்பி3 வேண்டாம், கொடுக்க எம்பி3 நல்லது. உரிமம் பற்றிய பயம் இனி வேண்டாம், எம்பி3 உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலிலேயே முடித்துவிட்டார்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8000 மாதிரியாகவே எம்பி3 ஆக்கினால் அது எம்பெக் 2.5 என்கிற நீட்டிப்பில் போய் விழும். அது முறையான தரத்தில் இல்லாதது, சில பிளேயர் அதைப் பாடாது. 16,000-க்கோ 22,050-க்கோ ஏற்றிவிட்டு எம்பி3 ஆக்குங்கள். குரல் ஒன்றும் கூடாது, ஆனால் எங்கும் ஓடும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைக் கேட்க முடியாதவர்களுக்கு மெமரி கார்டில் போட்டுக் கொடுக்கிறோம். அவர்கள் கேட்பது டிராக்டரில் இருக்கிற யுஎஸ்பி பிளேயரில். நடவு நேரத்தில் சேற்று உழவு ஓட்டிக்கொண்டே கேட்கிறார்கள். ஓப்பஸ் போட்டுக் கொடுத்தேன், நிறைய டிராக்டரில் பாட்டுப் பட்டியலிலேயே ஃபைல் தெரியவில்லை. எம்பி3 போட்டதும் எல்லோருக்கும் ஓடியது.

போனில் அனுப்ப ஓப்பஸ். 2012 செப்டம்பரில் தரமாக்கினார்கள். ஸ்கைப் கொடுத்த சில்க்கும், ஸிஃப் அமைப்பின் செல்ட்டும் ஒன்றாகச் சேர்ந்தது அது. பேச்சு வந்தால் ஒரு வழி, இசை வந்தால் இன்னொரு வழி, இரண்டையும் கலந்தும் போகும். நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 வரை. தொலைபேசிப் பேச்சுக்கு 16 போதும், மணிக்கு 7.2 எம்பி. பல பேர் பேசும் கான்ஃபரன்ஸுக்கு 24 வையுங்கள், மணிக்கு 10.8. பழைய ஸ்பீக்ஸ் இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களே ஓப்பஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

22 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு எங்கள் கான்ஃபரன்ஸில் நடந்ததை நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் பட்டியல். போன வாரம் ஒருவர் தன் பங்கைச் சொன்னார். எழுதிக்கொண்டவர் "ஏழு மா" என்று எழுதினார். அவர் "எட்டு மான்னு சொன்னேன்" என்கிறார். ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒரு மாவுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதுதான் சண்டை. பதிவைப் போட்டுக் கேட்டோம். எல்லோர் காதிலும் ஏழு என்றுதான் விழுந்தது. அவர் போனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். "எட்டு" சொல்லும்போது நாக்கு மேலே போய் ஒட்டி, காற்று நின்று, பிறகு வெடித்துத் திறக்கும். அந்த நின்ற இடம் திரையில் வெறும் கோடாக இருக்க வேண்டும். இதில் கோடு இல்லை. முந்தைய "எ" அப்படியே தேய்ந்துகொண்டே நீண்டிருந்தது. வழியில் ஒன்றிரண்டு பாக்கெட், அதாவது குரலின் சின்னத் துண்டு, தவறியிருக்கிறது. தவறிய இடத்தைக் கோடெக் சும்மா விடாது, முன்னால் வந்த ஒலியையே நீட்டி நிரப்பும். அப்படி நிரப்பியதில் "ட்" மூடிப்போய்விட்டது. குறில் நெடிலாகிவிட்டது. மூன்று பேர் ஒரே நேரத்தில் "ம்" கொட்டியதும் அதன் மேல் கலந்திருந்தது.

நல்லவேளை, இரண்டு மாதமாக ஒவ்வொருவர் லைனையும் தனித்தனியாகவும் பதிவு செய்கிறேன். அவர் லைனை மட்டும் போட்டேன். அதிலும் அந்த இடம் கெட்டிருந்தது. ஆனால் எட்டு நிமிடம் தள்ளி அவரே இன்னொரு முறை சொல்லியிருக்கிறார். கலந்த பதிவில் அது இன்னொருவர் பேச்சுக்கு அடியில் புதைந்து கிடந்தது. தனி லைனில் கணீரென்று, "எட்டு மா". மத்தியானம் அவர் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினேன்.

ஆக கான்ஃபரன்ஸுக்கு ஃபார்மட்டைவிட முக்கியம், கலக்காமல் எடுப்பது. ஆஸ்டரிஸ்க்கின் கான்ஃபரன்ஸ் அறை கலந்ததைத்தான் பதிவு செய்யும். ஒவ்வொருவர் சேனலிலும் தனிப் பதிவைத் தொடங்கிவிட்டு அறைக்குள் அனுப்ப வேண்டும். பதினைந்து பேர் என்றால் பதினைந்து ஃபைல், ஒன்றரை மணி நேரத்துக்கு 1.3 ஜிபி. ஒரு மாதம் வைத்துப் பட்டியல் உறுதியானதும், கலந்ததை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

23 ஜூன்

"போனில் ழ, ல, ள வித்தியாசமே தெரியாது, எந்த ஃபார்மட் வைத்தால் என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முழுக்கச் சரியில்லை.

தொலைபேசி எடுத்துச் செல்வது 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை. ழ, ள போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அடிபடுவது ஸ, ஃப மாதிரி சீறும் ஒலிகள். அவற்றின் வலு 3400-க்கு மேலே. அதனால்தான் போனில் இனிஷியல் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா" என்று திரும்பக் கேட்கிறோம். அது லைனிலேயே போனது, எந்த ஃபார்மட்டும் மீட்டுத் தராது. ஆனால் லைனில் ஒழுங்காக வந்த ழகரத்தைச் சேமிக்கும்போது கெடுப்பது நம் கையில் இருக்கிறது.

இருபுறமும் ஜி.722 என்கிற அகலமான முறையில் போகும் லைன் இருந்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும். அப்போது பதிவையும் 16,000 மாதிரியில் எடுங்கள், மணிக்கு 115 எம்பி. வெளி லைனில் வருகிற பேச்சு நம் பெட்டிக்கு வரும்போது பெரும்பாலும் 8000-க்கு இறங்கியே வருகிறது. அதைப் பெரிதாக எழுதி லாபமில்லை.

28 ஜூன், இரவு 10

என் மனதில் இருந்த முடிவு: ஏ-லாவாக வந்ததை ஏ-லாவாகவே வைக்க வேண்டும். அதைத் தம்பியிடம் போனிலும் சொல்லிவிட்டேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

பழைய டிஸ்க் ஒன்றைக் குடைந்தபோது தலைப்பு இல்லாத ஏ-லா ஃபைல்கள் கிடைத்தன. அதில் எத்தனை மாதிரி, ஏ-லாவா மியூ-லாவா, எதுவும் எழுதியிருக்காது. வெறும் பைட். நான் இருக்கும்வரை எனக்குத் தெரியும். நாளைக்கு வேறொரு பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதை மியூ-லா என்று நினைத்துப் போட்டு, "கெட்டுப்போன ஃபைல்" என்று அழித்துவிடுவான்.

அதனால் ஃபிளாக். இழப்பே இல்லாத சுருக்கம். திறந்தால் ஒரு மாதிரிகூட மாறாமல் வரும். எங்கள் வாய்ஸ்மெயில் ஃபைல்களில் வேவின் பாதிக்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக வருகிறது, கிட்டத்தட்ட ஏ-லா அளவு. காரணமும் உண்டு: ஏ-லாவிலிருந்து விரித்த 16 பிட்டில் கடைசி மூன்று பிட் எப்போதும் வெறும் பூஜ்யம், ஃபிளாக் அதைக் கண்டுபிடித்து விட்டுவிடும். அதோடு உள்ளே இருக்கும் ஒலிக்கு எம்டி5 என்கிற சரிபார்ப்பு எண்ணைத் தலைப்பிலேயே எழுதி வைக்கிறது. பத்து வருஷம் கழித்து டிஸ்க் ஒரு பைட்டைத் தின்றிருந்தாலும் சோதித்தால் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே நான் ஃபிளாக் பக்கம் வந்தேன்.

ஆஸ்டரிஸ்க் வேவ் எழுதட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட், காப்புக்கான நகலை மட்டும் ஃபிளாக் ஆக்கி வெளி டிஸ்க்குக்கு அனுப்பட்டும். வாய்ஸ்மெயில் பெட்டிக்குள் இருக்கிற ஃபைலைத் தொட வேண்டாம்.

2 ஜூலை

குத்தகைத் தகராறு ஒன்றில் பதிவைக் காட்டலாமா என்று கேட்டவருக்கு: வக்கீலைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒன்று மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஃபைலின் ஹாஷ் எண்ணை, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண்ணை, எழுத வேண்டும். ஓப்பஸாக மாற்றிய அடுத்த நிமிடம் அந்த எண் மாறிவிடும். ஆகவே தகராறு வரும் என்று தெரிந்த பதிவை ஃபிளாக் கூட ஆக்காமல், வந்த வேவ் ஃபைலாகவே, ஹாஷ் எண்ணைத் தாளில் குறித்து வைத்துவிடுங்கள்.

9 ஜூலை

ஃபார்மட் இல்லை, ஆனால் இதையும் பாருங்கள். வாய்ஸ்மெயிலில் இத்தனை நொடி மௌனம் இருந்தால் பதிவை முடி என்று ஒரு வரி இருக்கும், ஆஸ்டரிஸ்க்கோடு வரும் எடுத்துக்காட்டு அமைப்பில் 10. வயதானவர்கள் பேசும்போது நடுவில் நிறுத்தி, வாய்க்காலைத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் மறுபடி பேசுவார்கள். பத்து நொடி சாதாரணமாகப் போய்விடும். நான் 20 வைத்திருக்கிறேன். முழுக்க எடுத்துவிடவும் முடியாது. பழைய அனலாக் லைனில் அவர் போனை வைத்தது பெட்டிக்குத் தெரியாமல் போனால் பதிவுக்கு வைத்த அதிகபட்ச நேரம் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

13 ஜூலை, ஞாயிறு

ஒரு அக்கா எழுதியிருப்பது என்னை யோசிக்க வைத்தது. "எல்லாவற்றையும் காலத்துக்கும் வைப்போம் என்கிறீர்கள். மெசேஜ் விட்டவர் அதற்கு ஒப்புக்கொண்டாரா? கோபத்தில் ஒரு வார்த்தை விட்டிருப்பார், அதுவும் பத்து வருஷம் உங்கள் பீரோவில் இருக்குமா?"

சரிதான். பெரியவர் குரல் போன வருத்தத்தில் நான் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டேன். வைப்பதா வேண்டாமா என்பது முதல் கேள்வி, எப்படி வைப்பது என்பது இரண்டாவது. எங்கள் குழுக் கூட்டத்தில் பேசி இப்படி முடிவு செய்தோம். செய்தி விடும் முன்னால் "இது பதிவாகிறது, ஒரு சாகுபடி முடியும் வரை வைத்திருப்போம்" என்று தமிழில் ஒரு அறிவிப்பு. சம்பா அறுவடை முடிந்ததும் பட்டியல் எடுத்து, விட்டவரிடமே கேட்போம். அவர் வைக்கச் சொன்னால் ஃபிளாக்காக வைப்போம், இல்லையென்றால் முழுதாக அழிப்போம். தேய்ந்துபோன ஜி.729 நகலாக வைப்பது இரண்டு பக்கமும் நியாயமில்லை. அவருடைய அந்தரங்கமும் காக்கப்படாது, குரலும் காக்கப்படாது.

எல்லாப் பேச்சையும் பதிவு செய்வதைத் தம்பி நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நல்லது.

27 ஜூலை

தம்பி, ஃபார்மட் வரியை மாற்றப் போவதாகச் சொன்னீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பெட்டியில் செய்திகள் இருக்கும்போது அந்த வரியை மாற்றினால், பழைய செய்திகளையும் புதிய ஃபார்மட்டில் இருப்பது போலக் கையால் மாற்றி வைக்க வேண்டும். ஆஸ்டரிஸ்க்கின் எடுத்துக்காட்டு அமைப்பு ஃபைலிலேயே கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். ஒரு செய்தி இருக்கும், ஆனால் கேட்க முடியாது; எண் வரிசை குழம்பும். எல்லா செய்தியையும் காப்பெடுத்து, பெட்டியைக் காலி செய்துவிட்டு மாற்றுவதுதான் சுலபம்.

வரியில் வேவ் ஒன்று மட்டும் போதும். ஈமெயிலில் போகும் இணைப்பு சிறிதாக இருக்க வேண்டும் என்றால் முதலில் வேவ்49, அடுத்து வேவ். முதலில் எழுதிய ஃபார்மட்டைத்தான் மெயிலில் இணைக்கும்.

4 ஆகஸ்ட், இரவு

நேற்று ஆடிப்பெருக்கு. பெரியவர் வீட்டார் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்கள், பேத்தியும் வந்திருந்தாள்.

ஜூன் 28-இல் குடைந்த அதே பழைய டிஸ்க்கில் அந்தச் செய்தியின் ஜிஎஸ்எம் ஃபைல் இருந்தது. ஏ-லா போனது போனதுதான். ஆனால் அதற்கப்புறம் எம்பி3, காற்று, ஓப்பஸ் என்று கெடுத்த மூன்றையும் தவிர்க்கலாம் இல்லையா? ஜிஎஸ்எம்மை நேராக வேவ் ஆக்கி, வேறு எதுவும் செய்யாமல், பென் டிரைவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஜிஎஸ்எம் ஃபைலையும் பக்கத்திலேயே வைத்தேன், எது அசல் என்று ஒரு சீட்டும் எழுதி.

சாயங்காலம் அவள் வீட்டில் லேப்டாப்பில் போட்டோம். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை "ஒரு கயித்தைப் போட்டுக் கட்டுங்கய்யா" முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். கடைசி அரை நொடியில் ஒரு செருமல். வாட்ஸ்அப்பில் சுற்றியதில் அது வெறும் "கர்" என்று ஒரு கீறல், எல்லோரும் லைன் சத்தம் என்று நினைத்திருந்தோம். அவர் எதையும் சொல்லி முடித்ததும் அப்படிச் செருமுவாராம். அதை மட்டும் நாலைந்து தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.